மேலே எறிந்த பொருளின் பயணம்: கையை விட்டது முதல் திரும்பி வரும்வரை

ஜெர்மனியின் பிரெமென் பல்கலைக்கழக வளாகத்தில் 146 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று நிற்கிறது. 1990-இல் இயங்கத் தொடங்கியது. அதனுள்ளே நெடுக ஓர் எஃகுக் குழாய். எடையின்மையில் செய்து பார்க்க வேண்டிய ஆய்வுகளை ஓர் உருளைக்குள் அடைத்து, குழாயிலிருக்கும் காற்றை ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சிவிட்டு, உச்சியிலிருந்து 110 மீட்டர் விழ விடுவார்கள். கிடைக்கும் நேரம் 4.74 வினாடி. அது போதவில்லை என்றால் என்ன செய்வது? விழுவதற்கு ஆகும் நேரத்தை இரு மடங்காக்க உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். அரை கிலோமீட்டர் கோபுரம் யார் கட்டுவது? 2004-இல் அவர்கள் குழாயின் அடியில் ஓர் எறிபொறியைப் பொருத்தினார்கள். உருளை இப்போது கீழிருந்து மேலே எறியப்படுகிறது; உச்சிக்குப் போய்த் திரும்பி விழுகிறது. அதே கோபுரம், நேரம் மட்டும் 9.3 வினாடி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எடையின்மை உருளை உச்சியை அடைந்த பிறகு தொடங்குவதில்லை. எறிபொறியை விட்டு விலகிய கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே அது "விழுந்துகொண்டுதான்" இருக்கிறது. இந்த ஒரு வரி புரிந்துவிட்டால் மேலே எறிந்த பொருளைப் பற்றிய எந்தக் கணக்கும் உங்களைத் திணறடிக்காது. ஏறுவதும் இறங்குவதும் இரண்டு பயணங்கள் அல்ல, ஒன்றே ஒன்று. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும்போது முதலில் உடைக்க வேண்டியிருப்பது அந்த இரண்டு பயணக் கற்பனையைத்தான். ஏறுவதற்கு ஒரு ஃபார்முலா, இறங்குவதற்கு இன்னொன்று என்று மனப்பாடம் செய்துகொண்டு வருகிறார்கள். எனக்கும் பள்ளியில் அப்படித்தான் வந்து சேர்ந்தது. அதிலிருந்து வெளியே வர எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

முதலில்: பந்தின் மேல் என்னென்ன விசைகள்?

கணக்கில் இறங்குவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பந்து கையை விட்டுவிட்டது. இப்போது அதைத் தொட்டுக்கொண்டிருப்பது காற்று மட்டும். காற்றைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவோம். மிச்சமிருப்பது பூமியின் இழுப்பு ஒன்றுதான்.

"அப்படியானால் அது ஏன் மேலே போகிறது? கை கொடுத்த விசை கூடவே போகிறதே?" என்ற கேள்வி எழும். எழ வேண்டும். 14-ஆம் நூற்றாண்டில் பாரிசில் கற்பித்த ழான் புரிடான் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார்: எறிபவன் பொருளுக்குள் ஓர் உந்துதலை ஏற்றி அனுப்புகிறான், அதுவே பொருளைத் தொடர்ந்து செலுத்துகிறது என்று. நம் உள்ளுணர்வும் அதையே சொல்கிறது. ஆனால் கை கொடுத்தது விசை; அந்த விசை விரல் நுனி விலகியதும் முடிந்துவிட்டது. பந்து எடுத்துக்கொண்டு போவது திசைவேகத்தை (திசையையும் சேர்த்துச் சொல்லும் வேகத்தை) மட்டுமே. இயங்கும் பொருளுக்கு இயங்கிக்கொண்டே இருக்க விசை தேவையில்லை, வேகத்தை மாற்றத்தான் விசை தேவை. ஆகவே மேலே போகும் பந்தின் படத்தை வரைந்து விசைகளைக் குறிக்கச் சொன்னால், கீழ்நோக்கி ஒரே ஓர் அம்புக்குறிதான் வர வேண்டும். ஏறும்போது, உச்சியில், இறங்கும்போது என மூன்று இடங்களிலும் அதே அம்பு, அதே நீளம்.

அடுத்தது: திசையை முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றாதீர்கள்

தாளில் செங்குத்தாக ஒரு கோடு வரைந்து, மேல்பக்கம் பிளஸ் என்று எழுதுங்கள். பந்து கையை விட்ட இடம் பூஜ்யம். இனி மேலே போகும் திசைவேகம் பிளஸ், கீழே வரும் திசைவேகம் மைனஸ். கைக்கு மேலே இருந்தால் உயரம் பிளஸ், கைக்குக் கீழே போனால் மைனஸ். ஈர்ப்பு முடுக்கம், அதாவது பூமியின் இழுப்பால் வினாடிக்கு வினாடி திசைவேகம் மாறும் அளவு, எப்போதும் கீழ்நோக்கி இருப்பதால் எப்போதும் மைனஸ்: −9.8 மீ/வி².

பந்து இறங்கத் தொடங்கியதும் "இப்போது கீழ்த்திசையைப் பிளஸ் என்று வைத்துக்கொள்வோம்" என்று நடுவில் மாற்றுபவர்கள்தான் குறியில் வழுக்குகிறார்கள். கீழ்த்திசையைப் பிளஸ் என்று வைப்பதில் தவறே இல்லை. வைத்தால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அப்படியே இருக்கட்டும்.

அந்த 9.8 பற்றி ஒரு வார்த்தை. அது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நிலநடுக்கோட்டில் கடல் மட்டத்தில் சுமார் 9.780, துருவங்களில் சுமார் 9.832, சென்னையின் அட்சரேகையில் 9.783. 1901-இல் உலக அளவில் தரமதிப்பாக 9.80665 என்று வைத்துக்கொண்டார்கள். உயரே போகப் போகக் குறையவும் செய்யும், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.03 சதவீதம். பந்து எறியும் உயரத்துக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. அதனால்தான் "மாறாத ஈர்ப்பு" என்று துணிந்து சொல்ல முடிகிறது.

ஃபார்முலா இல்லாமல் ஒரு முறை

வினாடிக்கு 29.4 மீட்டர் வேகத்தில் ஒரு பந்தை நேராக மேலே எறிகிறோம். மணிக்கு 106 கிலோமீட்டர். கையால் மேல்நோக்கி இப்படி எறிவது எளிதல்ல, எண்கள் சுத்தமாக வரட்டும் என்றே இதைத் தேர்ந்தேன்.

முடுக்கம் −9.8 என்றால், கடக்கும் ஒவ்வொரு வினாடியும் திசைவேகத்திலிருந்து 9.8-ஐக் கழித்துவிடுகிறது என்று பொருள். அவ்வளவுதான். முதல் வினாடி முடிவில் 19.6. அந்த வினாடியில் வேகம் 29.4-இலிருந்து 19.6 வரை சீராகக் குறைந்ததால், சராசரி இரண்டுக்கும் நடுவே 24.5. ஆகவே பந்து ஏறியது 24.5 மீட்டர். இதையே தொடர்ந்தால்:

0 வினாடி: திசைவேகம் +29.4, உயரம் 0
1 வினாடி: திசைவேகம் +19.6, உயரம் 24.5
2 வினாடி: திசைவேகம் +9.8, உயரம் 39.2
3 வினாடி: திசைவேகம் 0, உயரம் 44.1
4 வினாடி: திசைவேகம் −9.8, உயரம் 39.2
5 வினாடி: திசைவேகம் −19.6, உயரம் 24.5
6 வினாடி: திசைவேகம் −29.4, உயரம் 0

இந்தப் பட்டியலை நீங்களே ஒரு தடவை கையால் எழுதிப் பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மூன்றாவது வினாடியைத் தாண்டும்போது நாம் தனியாக எதுவும் செய்யவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். 9.8-ஐக் கழித்துக்கொண்டே வந்தோம். பிளஸ் குறைந்து பூஜ்யமாகி, பூஜ்யம் மைனஸ் ஆனது. பந்து "திரும்பியது" என்று நாம் சொல்வது, ஓர் எண் குறி மாறியதைத்தான்.

ஒவ்வொரு வினாடியிலும் கடந்த தூரங்களைப் பாருங்கள்: 24.5, 14.7, 4.9, பிறகு 4.9, 14.7, 24.5. எல்லாவற்றையும் 4.9-ஆல் வகுத்தால் 5, 3, 1, 1, 3, 5. ஒற்றைப்படை எண்கள்! விழும் பொருள் சம நேரங்களில் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் தூரம் கடக்கிறது என்பதை 1638-இல் வெளிவந்த தம் நூலில் கலிலியோ எழுதினார். வினாடி முள் இல்லாத காலம். சாய்வான மரப் பள்ளத்தில் வெண்கலக் குண்டை உருட்டிவிட்டு, ஒரு பாத்திரத்திலிருந்து மெல்லிய தாரையாக ஒழுகிய தண்ணீரை எடை போட்டு நேரத்தை அளந்தார். மேலே எறிந்த பந்து அதே வரிசையை முதலில் தலைகீழாகப் படித்துவிட்டுப் பிறகு நேராகப் படிக்கிறது.

இப்போது சமன்பாடுகள்

நாம் செய்ததையே எழுத்துகளில் எழுதுவோம். தொடக்கத் திசைவேகம் தொ, பிறகு ஏதோ ஒரு கணத்தில் உள்ள திசைவேகம் தி, காலம் கா, உயரம் உ, ஈர்ப்பு முடுக்கத்தின் அளவு ஈ (இது 9.8, மைனஸ் குறியைச் சமன்பாட்டிலேயே போட்டுவிட்டோம்).

தி = தொ − ஈ × கா

இது "வினாடிக்கு 9.8 கழி" என்பதன் சுருக்கம். சராசரித் திசைவேகம் (தொ + தி)/2. அதைக் காலத்தால் பெருக்கினால் உயரம்:

உ = தொ × கா − ½ × ஈ × கா²

இரண்டிலிருந்தும் காலத்தை நீக்கினால் மூன்றாவது:

தி² = தொ² − 2 × ஈ × உ

எதை எப்போது எடுப்பது? கேள்வியில் உயரத்தைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் முதலாவது. இறுதித் திசைவேகம் வேண்டாம் என்றால் இரண்டாவது. காலம் தெரியவும் வேண்டாம், கேட்கவும் இல்லை என்றால் மூன்றாவது. இதற்கு மேல் மனப்பாடம் எதுவும் தேவையில்லை.

உச்சியில் தி = 0. முதல் சமன்பாடு கொடுப்பது: உச்சிக்குப் போகும் நேரம் தொ/ஈ. மூன்றாவது கொடுப்பது: பெரும உயரம் தொ²/(2 × ஈ). வேகத்தை இரட்டித்தால் காற்றில் இருக்கும் நேரம் இரட்டிக்கும், உயரம் நான்கு மடங்காகும். நிலவில் ஈர்ப்பு முடுக்கம் 1.62; நம் 29.4 மீட்டர் எறி அங்கே 267 மீட்டர் உயரம் போய், 36 வினாடி கழித்தே திரும்பும்.

பிரெமென் உருளையையும் இப்போதே சரிபார்த்துவிடலாம். மொத்தம் 9.3 வினாடி என்றால் உச்சிக்கு 4.65 வினாடி. அந்த ஊரின் ஈர்ப்பு முடுக்கம் 9.81. ஆகவே எறிவேகம் 9.81 × 4.65 = 45.6 மீ/வி, மணிக்கு 164 கிலோமீட்டர். உயரம்: சராசரி வேகமான எறிவேகத்தின் பாதியை 4.65-ஆல் பெருக்கினால் 106 மீட்டர். குழாய்க்குள் அடங்குகிறது.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ஒன்று: மட்டையில் பட்டுச் செங்குத்தாக எழும்பிய பந்து எத்தனை வினாடி வானத்தில் இருந்தது என்று எண்ணுங்கள். அதை வர்க்கப்படுத்தி 1.225-ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் வந்துவிடும் (9.8-ஐ 8-ஆல் வகுத்தால் 1.225). 5 வினாடி என்றால் 30 மீட்டர் சொச்சம்; பத்து மாடி.

ஒரே உயரம், இரண்டு நேரங்கள்

பந்து 40 மீட்டர் உயரத்தில் எப்போது இருக்கும்? இரண்டாவது சமன்பாட்டில் போட்டால்: 29.4 × கா − 4.9 × கா² = 40. இருபடிச் சமன்பாடு. தீர்வுகள் 2.09, 3.91 வினாடி. முதலாவது ஏறும்போது, இரண்டாவது இறங்கும்போது. கூட்டினால் 6, அதாவது மொத்தப் பயண நேரம். உச்சி இரண்டுக்கும் சரிநடுவில். 50 மீட்டர் என்று கேட்டுப் பாருங்கள்: வர்க்கமூலத்துக்குள் மைனஸ் வந்துவிடும். "அந்த உயரத்தைப் பந்து தொடவே இல்லை" என்று கணிதம் தன் மொழியில் சொல்கிறது. நாம் சொல்லிக்கொடுக்காததை ஒரு சமன்பாடு தானாகச் சொல்வதை முதல்முறை பார்த்தபோது எனக்கு உண்டான சிலிர்ப்பு இன்றும் குறையவில்லை.

இன்னொன்று. உயரத்தின் மேல் கால் பங்கில் பந்து எவ்வளவு நேரம் இருக்கிறது? 44.1-இல் முக்கால் பங்கு 33.1 மீட்டர், அதை 1.5-ஆவது வினாடியில் ஏறிக் கடந்து 4.5-ஆவது வினாடியில் இறங்கிக் கடக்கிறது. ஆக, மொத்த நேரத்தில் சரிபாதி மேல் கால் பங்கிலேயே கழிகிறது. துள்ளி எழும் கைப்பந்து வீரர் ஒரு கணம் அந்தரத்தில் நின்றதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். நிற்கவில்லை, அங்கே மெதுவாகப் போகிறார்.

உச்சியில் முடுக்கம் பூஜ்யமா?

இல்லை. உச்சியிலும் −9.8-தான். வேகம் பூஜ்யம், ஆகவே முடுக்கமும் பூஜ்யம் என்று எழுதுபவர்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். ஒருவேளை உச்சியில் முடுக்கமும் பூஜ்யமாகிவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்: வேகம் பூஜ்யம், அதை மாற்ற ஒன்றுமில்லை. பந்து அங்கேயே தங்கிவிடும். அது விழுகிறது என்பதே முடுக்கம் அங்கேயும் இருந்தது என்பதற்குச் சாட்சி. காலத்துக்கு எதிராகத் திசைவேகம் போட்டு வரைபடம் வரைந்தால், +29.4-இலிருந்து −29.4 வரை ஒரே சாய்வுள்ள நேர்க்கோடு. பூஜ்யக் கோட்டைக் கடக்கும் இடத்தில் மடிப்பில்லை, முறிவில்லை.

மொட்டை மாடிக் கணக்கு

தேர்வில் அதிகம் பேர் சறுக்கும் இடம் என்பதால் இங்கே நிதானமாகப் போவோம். தரையிலிருந்து 14.7 மீட்டர் உயரத்தில் மொட்டை மாடி. விளிம்புக்குச் சற்று வெளியே கை நீட்டி, பந்தை 9.8 மீ/வி வேகத்தில் மேலே எறிகிறோம். தரையை எப்போது, எந்த வேகத்தில் தொடும்?

வழக்கமான வழி மூன்று துண்டுகள்: உச்சிக்கு எவ்வளவு நேரம், உச்சி எவ்வளவு உயரம், அங்கிருந்து தரைக்கு எவ்வளவு நேரம். விடை சரியாகவே வரும். ஆனால் தேவையில்லை. பூஜ்யம் நம் கை; தரை அதற்குக் கீழே; ஆகவே உ = −14.7. அவ்வளவுதான் தந்திரம்.

−14.7 = 9.8 × கா − 4.9 × கா²

4.9-ஆல் வகுத்து ஒழுங்குபடுத்தினால் கா² − 2 × கா − 3 = 0. தீர்வுகள் 3, −1. பந்து 3 வினாடியில் தரையைத் தொடும். அப்போது திசைவேகம் 9.8 − 9.8 × 3 = −19.6 மீ/வி.

−1-ஐ அடித்துவிடச் சொல்வார்கள். அடிப்பதற்கு முன் அது சொல்வதைக் கேட்கலாம். நாம் எறிவதற்கு ஒரு வினாடி முன்பு யாரோ தரையிலிருந்து 19.6 மீ/வி வேகத்தில் ஒரு பந்தை எறிந்திருந்தால், அது சரியாக நம் கையருகே 9.8 வேகத்தில் வந்திருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பந்தையும் நம் பந்தையும் வேறுபடுத்தவே முடியாது. பந்து எங்கிருந்து கிளம்பியது என்பது சமன்பாட்டுக்குத் தெரியாது. முழுப் பயணத்தையும் வரைந்துகாட்டி, எந்தத் துண்டு நமக்கு வேண்டும் என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறது.

அதே மாடியிலிருந்து அதே 9.8 வேகத்தில் கீழ்நோக்கி எறிந்தால்? தி² = 96.04 + 288.12 = 384.16, வேகம் 19.6. ஒரே வேகம்! ஏனெனில் மேலே எறிந்த பந்து திரும்பிக் கையைக் கடக்கும்போது அதற்கு −9.8 வேகம்தான் இருக்கும். வேறுபாடு நேரத்தில் மட்டும்: இது 1 வினாடியில் விழும், அது 3 வினாடியில்.

மேலேறும் பலூனிலிருந்து நழுவும் கல்லும் இதே கணக்குதான். பலூன் 9.8 வேகத்தில் ஏறிக்கொண்டிருக்க, 14.7 மீட்டர் உயரத்தில் கல் நழுவினால் மேலே உள்ள வரிகளில் ஓர் எழுத்தும் மாறாது. "நழுவியது" என்றதும் தொடக்கத் திசைவேகம் பூஜ்யம் என்று போட்டுவிடாதீர்கள். பலூனின் வேகம் கல்லிடம் இருக்கிறது.

காற்றை மறந்ததன் விலை

ஏறும்போது ஈர்ப்பும் காற்றின் தடையும் இரண்டுமே கீழ்நோக்கி இழுக்கின்றன. இறங்கும்போது தடை மேல்நோக்கித் தாங்குகிறது. வழியெல்லாம் ஆற்றல் இழப்பதால், எந்த உயரத்தை எடுத்துக்கொண்டாலும் இறங்கும் வேகம் ஏறும் வேகத்தைவிடக் குறைவு. ஆகவே உச்சி தாழ்ந்துபோகும், இறங்கும் நேரம் ஏறும் நேரத்தைவிடக் கூடும். நம் சமன்பாடுகளில் நிறையே இல்லை. காற்று வந்ததும் நிறை உள்ளே வந்துவிடுகிறது. 2.7 கிராம் டேபிள் டென்னிஸ் பந்து எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 9 மீட்டருக்கு மேல் கூடாது. அதற்கு இந்த வழிகாட்டி உதவாது. வேகம் குறைவான கிரிக்கெட் பந்து, கோலிக்குண்டு, கல் இவற்றுக்குத் தாராளமாக உதவும்.

பூமியின் சுழற்சி? சென்னையில் தரையே வினாடிக்கு 450 மீட்டருக்கு மேல் கிழக்கே ஓடுகிறது. பூமி சுழன்றால் மேலே எறிந்த பொருள் பின்தங்கி மேற்கே வெகுதூரம் தள்ளி விழ வேண்டுமே என்பது சுழற்சியை மறுத்தவர்களின் பழைய வாதம். பந்தும் அந்த வேகத்தோடேயே கிளம்புகிறது என்பது அதற்கு விடை. ஆனாலும் அந்த வாதத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது: நம் 44 மீட்டர் எறி, காற்றே இல்லையென்றால், சென்னையில் சுமார் 2.5 சென்டிமீட்டர் மேற்கே தள்ளித்தான் விழும்.

நீங்களே 9.8-ஐ அளப்பது

1967-இல் ஆலன் குக் என்பவர் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் வெற்றிடத்துக்குள் ஒரு கண்ணாடிக் குண்டை மேலே எறிந்து ஈர்ப்பு முடுக்கத்தை மிகத் துல்லியமாக அளந்தார். விழ விடாமல் ஏன் எறிந்தார்? ஏறும்போதும் இறங்கும்போதும் அதே இடத்தைக் கடப்பதால், மிச்சமிருக்கும் காற்றின் தடை உண்டாக்கும் பிழையில் பெரும்பகுதி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அதே முறையை வீட்டுச் சுவரில் செய்யலாம்.

சுவரில் சரியாக 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு படுக்கைக் கோடுகள் போடுங்கள். செல்போனை வினாடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷனில் வைத்து, இரண்டு கோடுகளுக்கும் நடு உயரத்தில், சுவரிலிருந்து இயன்றவரை தள்ளி நிறுத்துங்கள். கிட்டே வைத்தால் பந்து சுவரை விட்டு விலகியிருப்பதன் கோணப் பிழை உள்ளே வரும். பந்தைச் சுவரை ஒட்டிக் கீழ்க்கோட்டுக்கும் கீழிருந்து எறியுங்கள். மேல்கோட்டைத் தாண்டி அரை மீட்டராவது போகட்டும். பிறகு படத்தை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி எண்ணுங்கள்: கீழ்க்கோட்டை ஏறிக் கடந்தது முதல் இறங்கிக் கடந்தது வரை எத்தனை பிரேம், மேல்கோட்டுக்கு எத்தனை.

சமன்பாடு: ஈ = 8 × இடைவெளி ÷ (கீழ்க்கோட்டு நேரத்தின் வர்க்கம் − மேல்கோட்டு நேரத்தின் வர்க்கம்). எறிவேகம் தெரிய வேண்டாம், உச்சி எங்கே என்று தெரிய வேண்டாம்.

கீழ்க்கோட்டுக்கு 264 பிரேம், மேல்கோட்டுக்கு 150 பிரேம் என்று வைத்துக்கொள்வோம். 1.10 வினாடி, 0.625 வினாடி. வர்க்கங்களின் வித்தியாசம் 0.819, விடை 9.76. மேல்கோட்டை எண்ணுவதில் இரண்டு பிரேம் கூட்டி 152 என்று எடுத்துவிட்டால் 9.89 ஆகிவிடும். அதனால் ஓர் எறியோடு நிறுத்தாமல் பத்து எறிகளை எண்ணிச் சராசரி எடுங்கள். பந்தின் மையம் கோட்டைக் கடக்கும் பிரேமைத்தான் ஒவ்வொரு தடவையும் பிடிக்க வேண்டும். ஒரு தடவை அடிவிளிம்பு, ஒரு தடவை மேல்விளிம்பு என்று எடுத்தால் பத்து எறிகளும் வீண்.